ஒட்டக முள்ளில் ஒரு முலாம்பழம்

ரோஸ்மத் ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். இருந்தும் அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார். மருத்துவர் ரத்த அழுத்தத்துக்கு ஒரு வாரம் ஊசி எழுதிக் கொடுத்திருந்தார். வாரம் முடிந்ததும் அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனார். அளந்ததில் சரியாக இருந்தால், அது சரியாகவே நீடிக்கிறதா என்று பார்க்க மறுபடியும் போனார். அங்கே ஊசி போடுகிறவளும் அழுத்தம் அளக்கிறவளும் ஒருத்திதான். பெயர் பிகாஜான்.

அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கணவன் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகன்கள் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார்கள். ரோஸ்மத்தின் மனைவி சனோபரும் போய்ச் சேர்ந்து மூன்று குளிர்காலம் கழிந்திருந்தது. ஒரே மகள் நஸாகத் உர்கெஞ்ச் நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆக, ஒரே ஊரில் இரண்டு வீடு, வீட்டுக்கு ஓர் ஆள், இரண்டு அடுப்பில் தனித்தனியாகத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. இதை ஒரே அடுப்பாக்கிவிடலாம் என்பது ஊரில் எல்லாருக்கும் தோன்றியது. ரோஸ்மத்துக்கும் தோன்றியது. ஆனால் அதைச் சொல்ல வாய் திறக்க வேண்டும் அல்லவா, அங்கேதான் வண்டி நின்றது.

அதற்கு அவருடைய தொழிலையும் கொஞ்சம் குற்றம் சொல்லலாம். வேலையில் இருந்த காலமெல்லாம் உர்கெஞ்சுக்கும் கீவாவுக்கும் இடையே பஸ் ஓட்டியவர். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதிய தகடு அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. ஜனங்கள் அவரோடு பேசவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எந்த வீட்டில் என்ன சண்டை, எந்தக் கிராமத்தில் எந்த விதை, எல்லாம் காதில் விழுந்தது. வாய்க்கு மட்டும் வேலையே இல்லாமல் போயிற்று. ஓய்வுபெற்ற பிறகும் அவர் ஊருக்கு டிரைவரண்ணன்தான். யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டார், தங்கமான மனிதர் என்று பெயர். வாயை மூடிக்கொண்டிருந்தாலே கிடைத்துவிடுகிற பெயர் அது. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் ரோஸ்மத் பெருமைப்பட்டார்.

வசந்தகாலத்து நவ்ரூஸ் பண்டிகை முடிந்த வாரம், பிகாஜான் அவர் கையில் அழுத்தம் அளக்கிற பட்டையைச் சுற்றிக்கொண்டே பேச்சுக்கொடுத்தாள்.

"டிரைவரண்ணே, கொல்லையில இந்த வருஷம் என்ன போடப்போறீங்க?"

"பாக்கணும்."

"போன வருஷம் என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல."

"ஒண்ணும் போடலைன்னா அங்க என்னதான் இருக்கு?"

"ஒட்டக முள் இருக்கு."

பிகாஜான் குமிழை அழுத்திக் காற்றை ஏற்றினாள்.

"ஒட்டகம் வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ யாரு வந்து திங்கறதுக்காக வளக்கறீங்க?"

சுவரோரப் பலகையில் முதுகுக் கட்டிக்கு மருந்து வைத்துக்கொள்ள உட்கார்ந்திருந்த மத்ரசூலுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. ரோஸ்மத்தின் பக்கத்து வீட்டுக்காரன் அவன். தெருவுக்கு வருகிற வாய்க்காலின் மதகைத் திறந்து மூடுவது அவன் வேலை. தண்ணீர் எல்லாருக்கும் வேண்டியிருப்பதால் அவன் சொல்வதை எல்லாரும் சிரித்தபடி கேட்டுக்கொள்வார்கள். அதனால் தனக்குப் பேச்சுத் திறமை இருப்பதாக அவன் நம்பிவிட்டான்.

"வீட்டுல ஒரு பொம்பள இருந்தா முள்ளு எதுக்கு மொளைக்குது? நான் நேராவே கேக்கறேன் அக்கா, நீ என்ன சொல்ற?" என்றான்.

ரோஸ்மத் ஜன்னலைப் பார்த்தார். பிகாஜான் இருவரையும் பார்க்கவில்லை. அளவுகாட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முள்ளுக்காட்டுக்குள்ள எவ வருவா? கொல்லையில ஒரே ஒரு முலாம்பழம் வெளைய வைக்கச் சொல்லு. அறுத்து என் முன்னால வைக்கட்டும். அப்புறம் வந்து கேளு, சொல்றேன்." பட்டையைக் கழற்றினாள். "இன்னிக்கு ஏறியிருக்கு, டிரைவரண்ணே. உப்பைக் குறைங்க."

அவள் அதை எவ்வளவு விளையாட்டாகச் சொன்னாள், எவ்வளவு நிஜமாகச் சொன்னாள் என்பது அவளுக்கே அந்த நேரத்தில் தெரிந்திருக்காது. ஆனால் சாயங்காலத்துக்குள் மத்ரசூல் மதகுக்கு மதகு நின்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு விளையாட்டு என்று பின்வாங்க இரண்டு பேருக்குமே வழியில்லை. டிரைவரண்ணன் கொல்லையில் பழம் விளைந்தால் கல்யாணம், விளையாவிட்டால் இல்லை என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது.

வேறு எந்த வருடத்திலாவது இந்த நிபந்தனை வந்திருக்கலாம். இந்த வருடம் மலையில் பனி விழவில்லை, ஆறு மெலிந்துபோயிருந்தது. ரோஸ்மத்தின் தெரு வாய்க்காலின் கடைமடை. கோதுமைக்கும் பருத்திக்கும் போக மிஞ்சியதுதான் வீட்டுக் கொல்லைகளுக்கு என்று மேலே உத்தரவாகியிருந்தது. அதிலும் ரோஸ்மத்தின் கொல்லை வாய்க்காலைவிட மேடு. மோட்டார் வைத்து இறைத்தால்தான் ஏறும். மோட்டார் இருக்கிற வீடுகளில் போய்க் கேட்க வேண்டும். கேட்பதற்குத்தான் அவரிடம் வாய் இல்லையே.

"எதுக்குண்ணே இந்தப் பாடு?" என்றான் மத்ரசூல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "ஆவணி மாசம் பஜாருக்குப் போவோம். நல்லதா ஒண்ணைப் பொறுக்குவோம். உங்க கொல்லையில வெளஞ்சதுன்னு வச்சிருவோம். பழம் வாயைத் தொறந்து சொல்லவா போவுது?"

ரோஸ்மத் தலையை ஆட்டினார். அது மறுப்புத்தான்.

அவருக்கு வேறு ஒரு யோசனை இருந்தது. பாலைவன ஓரத்துக் கிராமங்களில் ஏறுகிறவர்கள் பஸ்ஸில் பலதடவை பேசக் கேட்டது. தண்ணீரே இல்லாத இடத்தில் அவர்கள் முலாம் விதையைத் தரையில் போடமாட்டார்கள். ஒட்டக முள்ளில் போடுவார்கள். அந்த முள்ளின் வேர் கிணற்று ஆழத்துக்கு இறங்கி அடியில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். மேல்மண் உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்தாலும் அது பச்சையாகத்தான் இருக்கும். அதன் அடித்தண்டைப் பிளந்து விதையைச் செருகிவிட்டால், முள் குடிக்கிற தண்ணீரில் முலாம்கொடி பிழைத்துக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இதை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ரோஸ்மத்துக்குப் பாதையில் இருந்த பள்ளங்களைப் போலவே அதுவும் மனப்பாடம்.

சனோபர் வைத்துவிட்டுப் போன விதைகள் அலமாரியில் துணி முடிச்சில் இருந்தன. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். ஒரு மனைவியின் விதையைப் போட்டு இன்னொருத்தியைக் கூட்டிவருவது நன்றாக இருக்காது என்று தோன்றியது. முடிச்சை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சந்தையில் ஒரு கிழவரிடம் புது விதை வாங்கிவந்தார்.

மண் சூடேறியதும் வேலையை ஆரம்பித்தார். கொல்லையின் கடைசி மூலையில் தண்டு தடித்த முட்களாகப் பார்த்துப் பொறுக்கி, சுற்றிலும் முழங்கை ஆழம் தோண்டினார். தண்டைக் கத்தியால் கீறி, ஊறிய விதையைச் செருகி வைத்து, மல்பெரி நாரால் கட்டி, ஈரமண்ணைப் போட்டு மூடினார். கையெல்லாம் முள் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிகாஜான் அந்தக் கையைப் பார்த்தாள்.

"பூனையா?"

"ம்."

விதைத்தவற்றில் சில முளைக்கவே இல்லை. முளைத்ததில் ஒன்றைக் கோழி கொத்தியது, ஒன்று சுருண்டு காய்ந்தது. ஒன்றே ஒன்று பிடித்துக்கொண்டது. கோழிக்கும் மத்ரசூலின் கண்ணுக்கும் பயந்து ரோஸ்மத் வெட்டிய முட்களை அதன் மேல் பந்தல்போல் போட்டு மூடினார். வெளியே நின்று பார்த்தால் முள்புதர், உள்ளே கொடி. யாரிடமும் மூச்சுவிடவில்லை. பிடித்துக்கொண்டதா இல்லையா என்று தெரியாமல் சொல்லி, பிறகு இல்லை என்று சொல்வதா என்று நினைத்தார். அது நியாயம்தான். ஆனால் பிடித்துக்கொண்ட பிறகும் சொல்லவில்லை.

"செடி என்னாச்சு?" என்று கேட்பாள் பிகாஜான், பட்டையைச் சுற்றியபடி.

"இருக்கு."

"தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"பாத்துக்கறேன்."

"பூ விட்டுச்சா?"

"ம்."

ஒவ்வொரு பதிலுக்கும் குமிழை ஒரு அழுத்து கூடுதலாக அழுத்துவாள். அது அவருக்குப் புரிந்ததோ என்னவோ, புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

வெயில் ஏறத்தொடங்கியபோது ஒரு பூ காயானது. முதலில் புறா முட்டை அளவு, பிறகு கோழி முட்டை, பிறகு கைமுட்டி. மேலே மெல்லிய ரோமம், வரி வரியாகக் கரும்பச்சைக் கோடு. தினமும் காலையில் ரொட்டியை மென்றுகொண்டே போய்க் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் முள்ளைத் தூக்கிப் பார்ப்பார். சனோபர் போன பிறகு அந்த வீட்டில் அவருக்காகக் காத்திருக்கிற மாதிரி ஒன்றும் இருந்ததில்லை. இப்போது காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. சந்தோஷமாக இருந்தார். அவ்வளவு வெளிப்படையான சந்தோஷத்தை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ள முடிந்தது என்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம், அவருடைய கெட்ட காலமும்கூட.

அப்போதுதான் மகள் நஸாகத் உர்கெஞ்சிலிருந்து வந்தாள். வந்தவள் சுவரைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள், கொல்லையைப் பார்த்தாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"அப்பா, இது வீடா? சுவர் உதிர்ந்து வைக்கோல் தெரியுது. வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"யாரு வர்றாங்க?"

"ஊருக்கே தெரியுது, உங்களுக்கு மட்டும் தெரியாதா? ஞாயித்துக்கிழமை ஹஷார் வைக்கிறேன்."

ஹஷார் வைத்துவிட்டால் தெரு முழுக்க வேலைக்கு வரும். யாருக்கும் கூலி கிடையாது. அரிசி அடுப்பில் ஏறினால் போதும். ஆண்கள் முற்றத்தில் மண்ணையும் வைக்கோலையும் கொட்டி முழங்கால்வரை மிதித்துச் சேறாக்கிச் சுவருக்குப் பூசினார்கள். பெண்கள் முற்றத்தைப் பெருக்கி, பாத்திரம் துலக்கி, பிறகு மண்வெட்டியோடு கொல்லைக்குள் இறங்கினார்கள். அவர்களோடு பிகாஜானும் வந்தாள். தலையில் துணியை இறுக்கிக் கட்டி, தோளில் சொந்த மண்வெட்டி. வீடு பார்க்க வந்தாள் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஹஷாருக்கு வருவது அண்டை வீட்டார் கடமை.

அவள் வந்ததைப் பார்த்ததும் ரோஸ்மத்துக்குக் கால் சேற்றிலேயே புதைந்துவிட்டது. நிஜமாகவே சேற்றில்தான் நின்றிருந்தார். மத்ரசூலும் அவரும் சேர்ந்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மிதிப்பதை நிறுத்தியதை மத்ரசூல் கவனித்து, அவள் பக்கம் பார்த்து, விலாவில் இடித்தான்.

"மண்வெட்டி பிடிக்கிற பிடியைப் பாத்தீங்களாண்ணே? உங்களுக்கு இனிமே எதிர்ப்பேச்சுப் பேச வழியில்ல. நீங்கதான் பேசவே மாட்டீங்களே, அது வேற விஷயம்."

பிகாஜான் வேலையில் கெட்டி. மற்றப் பெண்கள் வாசல் பக்கத்துப் புல்லைக் கொத்திக்கொண்டு கதை பேசும்போது அவள் நேராகக் கடினமான மூலைக்குப் போனாள். முள் அடர்ந்த மூலை அது. அவருக்கும் அவளுக்கும் இடையில் கொல்லை முழுவதும் கிடந்தது. அவள் போவதையும், முதல் புதரை வெட்டி எறிந்ததையும், அடுத்ததற்கு நகர்ந்ததையும் ரோஸ்மத் பார்த்தார். கூப்பிட நிறைய நேரம் இருந்தது. வாயைத் திறந்தார்கூட. ஆனால் ஹஷாருக்கு வந்தவரை, சொந்தக் கருவியும் சொந்த வேர்வையுமாக வந்தவரை, அங்கே வெட்டாதே என்று சொல்கிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. செய்ததில் குறை கண்டால் அடுத்த ஹஷாருக்கு உன் வீட்டுக்கு யார் வருவார்கள்? அதிலும் அவளிடம் எப்படிச் சொல்வது? எல்லார் முன்னாலும்?

மண்வெட்டி இறங்கியது. தண்டு தடித்திருந்ததால் அவள் இன்னொருமுறை ஓங்கி, வேரை மண்ணுக்குக் கீழே துண்டித்து, முழுப் புதரையும் காலால் புரட்டினாள்.

"இங்க பாருங்கடி, முள்ளுக்குள்ள நாய்முலாம் காய்ச்சிருக்கு" என்றாள்.

பெண்கள் சிரித்தார்கள். வாய்க்கால் ஓரமெல்லாம் தானாக முளைத்துக் கைமுட்டிக்கு மேல் வளராத கசப்புக்காய்தான் நாய்முலாம். முள்ளுக்குள் காய்க்கிற முலாம் வேறு என்னவாக இருக்க முடியும்? பிகாஜான் அதைக் கொடியோடு சுருட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த மத்ரசூலின் மாட்டுக்கு எறிந்தாள். மாடு முதலில் இலையைத் தின்றது, பிறகு காயை. அவசரமே படவில்லை.

"அண்ணே, மிதிங்க, மண்ணு இறுகுது" என்றான் மத்ரசூல்.

ரோஸ்மத் மிதித்தார். மத்தியானம் அவள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது கிட்டே போய், "சிரமப்பட்டுட்டீங்க" என்றுகூடச் சொன்னார். அவருக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் அதை விழுங்கியதை அவளுக்குச் செய்த பெரிய மரியாதை என்று நம்பினார். தனக்குள் அதை ஒரு சீர்வரிசை மாதிரியே நினைத்துக்கொண்டார். அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அதன்பின் ஆஸ்பத்திரியில் கேள்வி வரும்போதெல்லாம் அதே பதில்.

"செடி என்னாச்சு?"

"இருக்கு."

முன்பு அது உண்மை. இப்போது பொய். சொல்லுகிற விதத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

பழக்காலம் வந்துவிட்டது. சாலையோரங்களில் முலாம்பழம் மலைமலையாகக் குவிந்தது. ஊரில் மூலைக்கு மூலை விசாரிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ரோஸ்மத் தானே வேலியோரம் போய் நின்றார்.

"மத்ரசூல், அந்தப் பஜார் விஷயம்."

"உங்க செடி?"

"போச்சு."

"எப்படிப் போச்சு?"

"போச்சு."

மத்ரசூல் மேற்கொண்டு தோண்டவில்லை. தன் யோசனை வென்றதில் அவனுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இருவரும் போய்ப் பழங்களைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, விற்கிறவன் பொறுமை இழக்கிறவரை நின்று, வலை பின்னிய தோலோடு நல்ல மஞ்சளாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைவிட நல்ல பழம் அந்த வருடம் அந்தச் சாலையில் இல்லை. ரோஸ்மத்துக்கு அதைத் தூக்கிவரும்போது திருட்டுப் பொருள்போல் கனத்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பிகாஜான் வந்தாள். துணைக்கு மத்ரசூலின் மனைவி; மத்ரசூல் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். இதற்காகவே மறுபடியும் வந்திருந்த நஸாகத் முற்றத்துப் பெரிய கட்டிலில் விரிப்பு போட்டு, ரொட்டி, திராட்சை, கற்கண்டு, தேநீர் எல்லாம் பரப்பி, நடுவில் பழத்தையும் கத்தியையும் வைத்திருந்தாள். பிகாஜான் நல்ல பட்டுச் சட்டை போட்டிருந்தாள். கோப்பையை வாங்கிக்கொண்டு பழத்தையே பார்த்தாள்.

"அழகா இருக்கு. எங்க வெளஞ்சது?"

"கொல்லையிலதான்" என்றான் மத்ரசூல், கேள்வி முடியும் முன்பே.

"அப்படியா? வாங்க, கொடியைப் பாப்போம்."

காலணியை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். பழம் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு வாசம் வர வேண்டும் என்று அத்தனை யோசித்த இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும், வந்தவள் எழுந்து கொல்லைக்குப் போவாள் என்று தோன்றவே இல்லை.

கொல்லை அவளே வெட்டிச் சுத்தம் செய்த மாதிரியே கிடந்தது. உப்புப் பூத்து வெளுத்து, பாளம் பாளமாக வெடித்து. ஒரு பாத்தி இல்லை, ஒரு சருகு இல்லை. தண்ணீர் வந்த தடம்கூட இல்லை.

"கொடி எங்க?"

"காஞ்சதும் எடுத்துட்டோம் அக்கா" என்றான் மத்ரசூல்.

"பாத்தி எங்க?"

"அதை... நிரவிட்டோம்."

"மத்ரசூல், நீ போய்த் தேநீர் குடி."

அவன் ரோஸ்மத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். பிகாஜான் காத்திருந்தாள். ரோஸ்மத் வெடித்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாமல் இல்லை.

"பஜார்லேந்து வாங்கினது. அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றாள் அவள். "தண்ணி இல்லாத வருஷம், காஞ்சுபோச்சுன்னு வந்து சொல்லியிருந்தா நான் என்ன சொல்லப்போறேன்? வாராவாரம் கேட்டேன். இருக்குன்னீங்க. இன்னிக்கும் பேச ஆள் வச்சிருக்கீங்க."

ரோஸ்மத் ஒரு மண் பாளத்தைக் காலால் புரட்டினார்.

"எங்க வீட்டுக்காரரும் ரொம்ப நல்லவர்னுதான் சொல்வாங்க. சோத்துல உப்பு ஏறிப்போச்சுன்னா சொல்லமாட்டார், தட்டைத் தள்ளிவச்சிட்டு எழுந்து போயிடுவார். என்ன குறைன்னு நானாவே தேடணும். உப்பா, எண்ணெயா, நான் காலைல சொன்ன ஏதோ பேச்சா. அவரு செத்த அன்னிக்குக்கூட நெஞ்சு வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லல. இத்தனைக்கும் நான் ஊசி போடறவ." முந்தானைபோல் தொங்கிய தலைத்துணியின் நுனியைச் சரிசெய்துகொண்டாள். "மறுபடியும் என்னால முடியாது, டிரைவரண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

முற்றத்தைக் கடந்து போனாள். நஸாகத் தேநீர்க் கெண்டியோடு நின்றுவிட்டாள். மத்ரசூலின் மனைவியும் எழுந்தாள். வாசல் கதவைப் பிகாஜான் திறந்துவிட்டாள், ஒரு கால் தெருவில் இருந்தது.

"நீங்கதான் வெட்டுனீங்க" என்றார் ரோஸ்மத்.

அவள் திரும்பினாள். "எதை?"

"என் கொடியை. ஹஷார் அன்னிக்கு. அந்த மூலையில."

"அங்க முள்ளுதான இருந்துச்சு?"

"முள்ளோட தண்டைப் பொளந்துதான் வெதையை வச்சேன். பாலைவனத்துல அப்படித்தான் செய்யறாங்க. தண்ணியே வேணாம். நாய்முலாம்னு சொல்லி மாட்டுக்குப் போட்டீங்களே, அது என் பழம்."

மத்ரசூல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தன் மாட்டை எட்டிப் பார்த்தான். பிகாஜான் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"சேத்துல நின்னுக்கிட்டிருந்தேன். பாத்தேன்."

"சத்தம் போட்டிருக்கலாம்ல?"

"ஹஷாருக்கு வந்தவங்களை எப்படிச் சொல்றது?"

"நான் ஹஷாருக்கா வந்தேன்?" என்றாள் பிகாஜான்.

சொன்ன பிறகு அவள் முகம் சிவந்தது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"கோபம் வந்துச்சா உங்களுக்கு?"

"வந்துச்சு."

"எவ்வளவு?"

ரோஸ்மத் யோசித்தார். இந்த மாதிரி ஒன்றை அளந்து சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"உங்களைக் கட்டிக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணேன்."

மத்ரசூல் தலையில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

"அப்புறம்?"

"அடுத்த நாள் அழுத்தம் பாக்க வந்தேன்."

"எகிறிப்போய் இருந்துச்சு. என்னன்னு கேட்டதுக்கு, உப்புன்னீங்க."

"உப்பு இல்ல. நீங்கதான்." இப்போது அவர் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. அவருக்கே அது புதிதாக இருந்தது. "மண்வெட்டி நல்லாத்தான் போடறீங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டுப் போடவேணாமா? நாய்முலாமுக்கு இலை இத்துனூண்டு. அது இவ்ளோ அகலம். கோடு வேற, மொசுமொசுப்பு வேற. எந்தக் குருடனுக்கும் தெரியும். தினம் காலைல போய் உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன், ஒரே வெட்டு. வெட்டிட்டுச் சிரிப்பு வேற."

தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். டிரைவரண்ணன் கத்துவதை அந்தத் தெரு கேட்டதே இல்லை. பிகாஜான் தெருவில் இருந்த காலை உள்ளே எடுத்து, கதவைச் சாத்தினாள்.

"மேல முள்ளைப் போட்டு மூடிவச்சா இலை எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?"

"கோழிக்காக மூடினேன்."

"கோழிக்கு மூடினீங்க சரி, மனுஷங்களுக்கு ஏன் மூடினீங்க? நட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை. கையெல்லாம் கீறல் இருந்துச்சு, பூனையான்னு கேட்டேன். ம்முன்னீங்க. வீட்டுல பூனையே இல்ல, எனக்குத் தெரியாதா?"

"எல்லார் முன்னாலயும் கேட்டா என்ன சொல்றது?"

"யாரு எல்லார்? நானும் நீங்களும் சுவருந்தான் இருந்தோம்."

பேசிக்கொண்டே அவள் கட்டிலுக்கு வந்து காலணியைக் கழற்றி உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சண்டை போட அவளை முட்டி வலி விடாது. ரோஸ்மத் எதிரே உட்கார்ந்தார். ஹஷார் அன்று மத்தியானம் அவளிடம் சிரமப்பட்டுவிட்டீர்கள் என்று சொன்னதைச் சொல்லி, அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று குரலை இன்னும் உயர்த்திச் சொன்னார். யார் அதைச் சொல்லச் சொன்னது என்று அவள் கேட்டாள். நஸாகத் ஒன்றும் புரியாமல் இருவர் கோப்பையிலும் சூடாக ஊற்றினாள். மத்ரசூல் இடையில் வாயைத் திறந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

பிகாஜான் கத்தியை எடுத்தாள். பஜார் பழத்தைத் தன் பக்கம் இழுத்து, நீளவாக்கில் கீறி, விதையை வழித்துத் தட்டில் தள்ளினாள். முதல் கீற்றை வெட்டி அவர் முன்னால் நீட்டினாள்.

"தின்னுட்டுக் கத்துங்க" என்றாள்.

ரோஸ்மத் தின்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.